ஜன்னலோரப் போத்தல்கள்

இன்று மழைக்குப் பின் பிரிக்பீல்ட்ஸ் பாலத்தில் எழுந்த சேற்று வாசனை, இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு என்னைக் கொண்டுபோனது. கிள்ளான் ஆற்றில் வண்டல் அளப்பது அப்பாவின் வேலை. அவர் மொண்டுவந்த தண்ணீர் அங்கே போத்தல் போத்தலாகத் தெளிந்துகொண்டிருக்கும். பள்ளிவிட்டு வந்து, ஆளில்லாத வீட்டில், போத்தலை ஆட்டிவிடாமல், அடியில் மண் படிவதையே பார்த்திருப்பேன். பெருமழையன்று விரல் கனத்துக்குச் சேறு. இரண்டு நாளில் ஆறு மறுபடி அதே உயரம் ஏறினாலும், அன்றைய போத்தலின் அடியில் மெல்லிய ஒரு கோடுதான்.

"முதல் வெள்ளமே எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிருச்சுலா. ரெண்டாவதுக்கு என்னா மிச்சம்?" என்பார் அப்பா.

அம்மா இறந்தபோது மாதக்கணக்கில் அழுதேன். போன மாதம் அப்பா. கண் நனையவேயில்லை.

"கல்நெஞ்சுக்காரி," என்றார் அத்தை.

அப்பாவுக்குப் புரிந்திருக்கும்.