சபாபதியின் இடது கண்

கிள்ளானில் ஒரு பாத்திரக் கடையில், சில்வர் குடங்களிலும் தட்டுகளிலும் பெயர் வெட்டிக் கொடுப்பது புஷ்பவல்லியின் வேலை. வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் வாடகை அறைக்கு வந்தால், செப்புத் தகட்டில் முகங்களை வெட்டுவாள். அந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு பழைய பிரெஞ்சு அச்சுப் படத்தால். சுருள் பொய்முடி வைத்த யாரோ ஒரு நீதிபதி. லென்ஸில் பார்த்தால் கன்னமே இல்லை. தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகள், நடுநடுவே புள்ளிகள். ஓவியர் தீட்டிய முகத்தை இன்னொருவர் பார்த்துத் தகட்டில் வெட்டியிருந்தார். போட்டோ இல்லாத அந்தக் காலத்தில் ஒரே ஓவியம் பல வீடுகளுக்குப் போனது இப்படித்தான்.

கடைக்கு வழக்கமாக வரும் தங்கமணி அக்கா தன் கணவர் சபாபதியின் படத்தை அதே மாதிரி கேட்டார். லோரி ஓட்டிய மனிதர், போன வருஷம் தவறிவிட்டார். குகன் என்ற ஓவியர் தீட்டிய படம் வீட்டில் இருந்தது. திதிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிரதி வேண்டுமாம்.

மாதக்கணக்கில் வெட்டிய தகடு. திதி நெருங்கும்போது, இடது கண்ணுக்குக் கீழே உளி வழுக்கியது. கன்னத்தைக் கடந்து காதுவரை ஒரு கீறல்.

அழக்கூட நேரமில்லை. சுரண்டினாள். சுரண்டிய இடம் பள்ளமானது. அதில் மை தேங்கினால் கன்னம் கறுத்துவிடும். தகட்டை இரும்புக் கட்டையில் கவிழ்த்து, பின்பக்கம் தட்டித்தான் பள்ளத்தை மேலே கொண்டுவர வேண்டும். அடி கூடினால் முகமே போய்விடும். மூச்சைப் பிடித்துத் தட்டினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். மெலிந்துபோன செம்பில் கோடுகளைத் திரும்ப வெட்டி, பங்சாரில் ஒரு பட்டறையில் முதல் மாதிரியை அச்சடித்தாள்.

அதைப் பார்க்க தங்கமணி அறைக்கு மாடியேறி வந்தார். கன்னத்தைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று புஷ்பவல்லி தாளை விளக்குக்குச் சற்றுத் தள்ளியே பிடித்தாள்.

"அவரு கண்ணு இப்படி இருக்காதும்மா."

"ஓவியத்துல உள்ளத அப்படியே வெட்டியிருக்கேன்கா. ஒரு கோடு மாத்தல."

"அதான் சொல்றேன். இடது இமை கொஞ்சம் தொங்கும். குகன் தம்பி மரியாதைக்கு நேராக்கிட்டாரு. அத மாட்டுன நாள்லேர்ந்து யாரோ ஒருத்தரு ஹால்ல நிக்கிற மாதிரி இருக்கு. தம்பி மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன் லா."

ஓவியத்தை அப்படியே கொண்டுவருவதுதான் இந்த வேலை என்று புஷ்பவல்லி நம்பியிருந்தாள். அதோடு, அந்த இமை அடிவாங்கிய இடத்துக்குச் சற்று மேலே. இன்னொரு தரம் வழுக்கினால் செம்பு தாங்காது.

"இப்பவே வெட்டுறேன். பக்கத்துல உட்காருங்க. போதும்னா சொல்லுங்க."

தகட்டில் இடமும் வலமும் மாறியிருக்கும். கண்ணாடி பிடித்து எந்தக் கண் என்று பார்த்துக்கொண்டு உளியை இறக்கினாள். ஒரு கோடு. மையைத் தேய்த்துத் துடைத்துக் காட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னொன்று. தங்கமணியின் மூச்சு அவள் தோளில் பட்டது.

"இன்னும்."

அடுத்த கோடு பாதி ஓடும்போது, "போதும், போதும்!" என்று அவள் கையைப் பிடிக்க வந்த தங்கமணி, சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார். உளி நின்றது. வழுக்கவில்லை.

மறுநாள் அச்சான தாளைப் பார்த்து தங்கமணி அழவில்லை. "இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?" என்று தாளில் இருந்தவரை அதட்டினார்.

திதிக்குக் குகனும் வந்திருந்தார். அச்சுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். சாப்பிடாமல் போய்விட்டார். பிறகு ஒருநாள் ஆள் அனுப்பி, திருத்தித் தருகிறேன் என்று தன் ஓவியத்தைக் கேட்டார். தங்கமணி துணி சுற்றிக் கொடுத்தனுப்பினார்.