சாப்பாட்டு முள்

மீன் தலையை யாரும் உடைக்கக் கூடாது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதுதான் சட்டம். சதையை எப்படி வேண்டுமானாலும் தின்னலாம். முள்ளை மட்டும் முழுசாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்க வேண்டும். நாங்கள் கை கழுவப் போனதும் என் மருமகள் கிண்ணத்தோடு வந்து தட்டுத் தட்டாகப் பொறுக்குவாள். சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, மாடியில் காகிதம் விரித்துக் காயவைப்பாள். பிறகு டப்பா, டப்பாவின் மேல் சீட்டு: என்ன மீன், எவ்வளவு நீளம், யார் தின்றது. அவளுடைய ஆய்வுக்கூடத்து அலமாரியில் நான் தின்ற முள்ளுக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது. எந்த மாமியாருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை?

“நாளைக்கு எவனாவது நம்ம வீட்டுக் குப்பையத் தோண்டினா, இதுங்க மீனே தின்னதில்லன்னு எழுதிடுவான்” என்பான் என் மகன்.

“அதான் முட்டை ஓட்டை விட்டுவச்சிருக்கேனே” என்பாள் அவள், தலை நிமிராமலே.

குப்பைதான் அவள் தொழில். கடலுக்கு நடுவே ஒரு தீவு. அங்கே மிகப் பழங்காலத்தில் வாழ்ந்தவர்கள் தின்று எறிந்த குப்பைமேடு. அதை அடுக்கடுக்காகத் தோண்டி, மண்ணை நீரில் சலித்து, மிஞ்சுவதை இப்படிச் சேர்த்த மீன் முள்ளோடும் கிளிஞ்சலோடும் ஒப்பிட்டு, அவர்கள் என்ன தின்றார்கள் என்று சொல்ல வேண்டும். அடி அடுக்கில் பெரிய பறவைகளின் எலும்பு, ஆமை ஓடு. மேலே வரவர மரம் அழிந்து, பறவை போய், பொடி நத்தை ஓடுகள்தான். தீவையே தின்று தீர்த்துவிட்டு, கடைசியில் நத்தையை உறிஞ்சிக்கொண்டு பட்டினியில் செத்தார்கள் என்பது அவளுடைய துறைத் தலைவரின் முடிவு. மருமகளுக்கு அதில் மனசு ஆறவில்லை. செத்துப்போன அந்தச் சனங்களைத் தன் பிறந்த வீட்டார் போலப் பேசுவாள்.

“சுத்திக் கடலு. புள்ளைங்க பசிச்சு அழுவுது. பாத்துக்கிட்டு சும்மா இருப்பாங்களா, அத்தே?”

மேல் அடுக்கில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு முதுகெலும்புத் துண்டு கிடைத்தது. கரை கண்ணுக்குத் தெரியாத ஆழ்கடலுக்குப் போனால்தான் பிடிபடும் மீன். அப்படியென்றால் நிலம் கைவிட்டதும் அவர்கள் படகைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போயிருக்கிறார்கள், பிழைத்திருக்கிறார்கள். துறைத் தலைவரே மெல்ல இறங்கிவந்தார். அவள் துறை அறிஞர்கள் கூடும் பெரிய சபையில் அவள் அதைப் பற்றிப் பேசுவதற்கு நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த வாரம் மகன் அதே மீனைச் சமைத்தான். முதல் வாய் எடுத்தவள் கையை அந்தரத்தில் நிறுத்தினாள். தோண்டத் தொடங்கிய வருஷம், ஒரு மழை நாளில், ஒதுங்க இடமில்லாமல் அந்தக் குழியின் விளிம்பில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இதே மீனைத் தின்றது நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு துண்டு தவறி விழுந்து, மழையில் ஊறிக் கறுத்து, மறு வருஷம் இவள் கையிலேயே திரும்பி வந்திருக்கலாம். கரைத்துச் சோதித்தால் வயது தெரியும். ஆனால் இருப்பது ஒன்றே ஒன்று. உனக்குச் சாதகமானதை நீயே ஏன் அறுக்கிறாய் என்று துறைத் தலைவர்கூடத் தடுத்தார். கேட்கவில்லை. பாதியை அறுத்துச் சோதனைக்கு அனுப்பினாள்.

நம் காலத்து முள் என்று வந்தது பதில்.

குறித்த நாளில் சபையில் எழுந்தாள். “அது தீவுக்காரங்க தின்னது இல்ல. என் மத்தியானச் சாப்பாடு” என்றாளாம். கூடம் அதிரச் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அங்கே அவளுக்குச் ‘சாப்பாட்டம்மா’ என்று பெயர். என் மூத்த நாத்தனாரும் இப்படித்தான்: தான் உடைத்த பாத்திரத்தைத் தானே நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைப்பாள். இவள் அந்த வம்சத்தில் பிறந்தவள் அல்ல. ஆனாலும் அன்றைக்கு எங்கள் குடும்பத்துக் கணக்கில் அவளைச் சேர்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அழவில்லை. அந்த மழை நாளுக்கு முன்பே அதே மேல் அடுக்கில் அள்ளி, வாய் தைத்து முத்திரையிட்ட மண் மூட்டைகள் சில, கிடங்கில் பிரிக்காமல் கிடந்தன. அவற்றைத் தேயிலை வடிகட்டியைவிடப் பொடியான சல்லடையில் சலித்தாள். கை தோலுரிந்தது. எங்களுக்கு வாரக்கணக்கில் மீனே இல்லை. பார்த்தாலே எழுந்து போய்விடுவாள். ஒரு மூட்டையில் ஒரு துண்டு. அடுத்ததில் இன்னும் சில. அதே ஆழ்கடல் மீன்தான் என்று எதை வைத்து ஒப்பிட்டுச் சொன்னாள் தெரியுமா? சோதனைக்குப் போனது போக மிஞ்சிய அந்தப் பாதி முள்ளை வைத்துத்தான். டப்பாவில் சீட்டும் ஒட்டியிருந்தாள்: ‘தின்றது, நான்.’

இந்த முறையும் ஒன்றை அறுத்து அனுப்பினாள். தீவுக்காரர்கள் தின்றதேதான் என்று பதில் வந்தது.

மறுநாள் என்னை ஆய்வுக்கூடத்துக்கு வரச்சொன்னாள். வாசலிலேயே மறித்து, “சாப்பிட்டீங்களா, அத்தே?” என்றாள். உபசாரம் இல்லை அது, விசாரணை. ஆமாம் என்றதும் என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சோப்புப் போட்டு, விரல் விரலாகத் தேய்த்து, நகக்கண்ணைத் துலக்கி, துண்டால் ஒற்றி, என் உள்ளங்கையைத் தூக்கி மோந்து பார்த்தாள். பிறகுதான் மூட்டையில் கிடைத்த, தீவுக்காரர்கள் தின்ற அந்தக் கறுத்த பொத்தானை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.