றோட்டுக்கரை தெரிய ஒரு கணினி

கணினி பொருத்திக் கொடுக்கிறவனிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: எல்லாவற்றிலும் பெரியதாக வேண்டும், எல்லாவற்றையும் விட மலிவாக வேண்டும். இந்தத் தொழிலில் இருந்தவர்கள், இருந்து கெட்டவர்கள், இதை வாசித்ததும் தலையாட்டுவீர்கள். போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் தெற்கே போகும் பாதை திறந்தபின் கிளிநொச்சியில் வீதியோரமாகக் கடை வைத்து, வவுனியாவிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து பொருத்திக்கொண்டிருந்தேன். கடிதம் அடிக்க, கணக்குப் பார்க்க என்று வருகிறவர்களால் ஒரு தொல்லையும் இல்லை. கேம் விளையாட வேண்டும் என்று ஒருவர் படியேறினால் அன்று எனக்குத் தலையிடிதான்.

எத்தனை பல்பு?

அப்போது எங்களுக்கு மின்சாரம் என்றால் ஜெனரேற்றர். எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு மணியண்ணை மாலை ஆறிலிருந்து பத்துவரை தன் ஜெனரேற்றரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு எத்தனை பல்பு என்பதுதான் அவருடைய அளவு. வட்டக்கச்சியில் வயல் செய்துகொண்டு எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஒருவர், அந்தப் போகம் நன்றாக விளைந்த சந்தோசத்தில், இருப்பதில் பெரிய கணினியாகப் பொருத்தித் தரச் சொன்னார். நானும் வேகத்தை மட்டும் பார்த்துப் பாகங்களைத் தெரிந்தெடுத்தேன். அது எத்தனை பல்பு மின்சாரம் குடிக்கும் என்று யோசிக்கவில்லை.

முதல் நாள் மாலை அவர் சண்டைக் கேம் ஒன்றைப் போட்டார். நாலு வெடி கேட்டது. உடனே ஒழுங்கை முழுவதும் இருண்டது. வெடிச்சத்தமும் கேட்டு வெளிச்சமும் போனதில் பக்கத்து வீட்டார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பழைய பங்கர் குழிக்கு ஓடிவிட்டார்கள். மணியண்ணை சண்டை பிடிக்கவில்லை. நேரே என்னிடம் வந்து சொன்னார்: "தம்பி, விளையாடுறது ஓராள். இருட்டிலை சாப்பிடுறது பதினெட்டு வீடு. அதையும் ஒருக்கா யோசிச்சுப் பாகங்களைப் பூட்டுங்கோ."

பச்சைப் பெயின்ற்

ஸ்கந்தபுரம் செல்வராசா அண்ணை லொறிச் சாரதி. ரயர் மாற்ற இறங்கியவர் தாரிலிருந்து ஓரடி தள்ளிக் கால் வைத்ததில், மிதிவெடி வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. செயற்கைக் கால் போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்தக் காலால் பிரேக்கும் மிதிப்பார், அக்சிலேற்றரும் மிதிப்பார். அதில் குறையில்லை. ஆனால் எங்கள் றோட்டில் எதிரே பஸ் வந்தால் ஒரு பக்கச் சில்லுகளைத் தாரை விட்டுக் கரைப் புல்லில் இறக்கித்தான் விலத்த வேண்டும். மிதிவெடி எடுக்கிறவர்கள் கரையைத் துப்புரவாக்கி, எச்சரிக்கைப் பலகைகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது அவருக்கும் தெரியும். என்றாலும் லொறியைத் திரும்ப எடுத்த அன்று, பஸ்ஸைக் கண்டதும் கை ஸ்டியரிங்கைத் திருப்ப மறுத்துவிட்டது. நடுறோட்டில் நிறுத்திவிட்டு, பஸ்காரன் கத்தக் கத்த அப்படியே இருந்தாராம்.

லொறி, இடம்பெயர்ந்திருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து கருவாட்டு வியாபாரம் செய்த நசீர் நானாவுடையது. இடைக்காலத்துக்கு அதை ஓடிக்கொண்டிருந்த மற்றச் சாரதி மாத முடிவில் வெளிநாடு போகிறார். அதற்குள் செல்வராசா அண்ணை ஏறாவிட்டால் நானா வேறு ஆள் பிடிக்கத்தான் வேண்டும். கனடாவிலிருக்கும் செல்வராசா அண்ணையின் தங்கச்சி, இனி லொறி வேண்டாம், பெட்டிக்கடை போடு என்று காசு அனுப்பியிருந்தா. அந்தக் காசை அவர் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, கார் ஓடுகிற கேம் விளையாட ஒரு கணினி கேட்டார். கரையில் இறங்கிப் பழகுவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

என் கடைக் கணினியில் ஒரு கார் கேமைப் போட்டுக் காட்டினேன். அதில் படத்தைத் துலக்கிக் காட்டும் தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. ஏதோ ஓடும். றோட்டு நன்றாகத்தான் தெரிந்தது, கரை மட்டும் வெறும் பச்சை. அவர் கிட்டக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இது பச்சைப் பெயின்ற். இதுக்கு ஆர் பயப்பிடுறது? எனக்குப் புல்லுத் தெரிய வேணும்."

முதலில் சேசிஸ்

புல் தெரிய வேண்டுமென்றால் நல்ல கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். அதுவே பாதிக் காசை விழுங்கியது. ஸ்டியரிங்கும் பெடலும் மீதியில் ஒரு பங்கை எடுத்தன. பிறகென்ன, மற்றதிலெல்லாம் வெட்டத் தொடங்கினோம். புரொசசரில் ஒரு படி இறங்கினேன். ஹார்ட் டிஸ்க் பழையது. மொனிற்றரும் பழையதுதான், ஒரு மூலை மஞ்சள் பூத்திருந்தது. ஸ்பீக்கரை அவரே வேண்டாமென்றார், என்ஜின் சத்தம் தனக்குத் தெரியுமாம். இவ்வளவு வெட்டியும் காசு எட்டவில்லை. கடைசியில் கேசிங் பெட்டியைக் காட்டி, இது என்ன வேலை செய்யும் என்று கேட்டார். ஒரு வேலையும் செய்யாது, மூடிக்கொண்டிருக்கும் என்றேன்.

மறுநாள் சீவி மினுக்கிய முதிரைப் பலகை ஒன்றோடு வந்து நின்றார். மதர்போர்ட்டின் அளவுக்குத் துளைகூடப் போட்டிருந்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "புது லொறியும் சேசிஸாத்தான் வாறது தம்பி. முதல்லை ஓடட்டும், பாடி பிறகு கட்டலாம்."

நானா வந்தார்

அவர் வீட்டில் மின்சாரம் இல்லை. அதனால் பலகைக் கணினி என் கடையின் பின்னறையிலேயே இருந்தது. கடை ஜெனரேற்றரில் பகலில் இரண்டு மணி நேரம் கார் ஓடுவார். ஓட்டம் என்று சொல்லக்கூடாது. பின்னால் வருகிற காருக்கெல்லாம் கையைக் காட்டி வழி விட்டார். சில்லு புல்லில் பட்டால் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நாளாகியும் எல்லாப் பந்தயத்திலும் கடைசி. எனக்குப் பயம் பிடித்தது. ஒரு பெட்டிக்கடையை நான் பலகையில் வைத்துத் திருகிவிட்டேனோ என்று நித்திரையில்லாமல் கிடந்தேன்.

ஒருநாள் நசீர் நானா வந்தார். செல்வராசா அண்ணையின் காசைக் கரைத்ததற்கு என்னைத்தான் ஏசப்போகிறார் என்று நினைத்தேன். பின்னறை வாசலில் நின்று ஒரு பந்தயம் முழுவதும் பார்த்தார். செல்வராசா அண்ணை அவரைக் கவனிக்கவில்லை. வெளியே வந்ததும் நானா என் தோளைத் தொட்டார். "தம்பி, ஓடுறதுக்கு ஆள் தேடினா எனக்குக் கிடைக்கும். எனக்கு இவர்தான் வேணும். எப்பிடியாவது பாருங்கோ."

நாலு சில்லும் புல்லில்

அவர் ஓடத் தொடங்கி மூன்றாம் கிழமை. பின்னறையில் ஸ்டியரிங், பெடல் சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். காரின் நாலு சில்லும் கரைப் புல்லில். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். றோட்டுக்குத் திரும்பு, திரும்பு என்று திரையில் சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. மற்றக் கார்களெல்லாம் பந்தயத்தை முடித்துவிட்டன. அண்ணை, கேம் முடியப்போகுது என்றேன். அவர் திரும்பாமலே சொன்னார்: "பொறும் தம்பி. இன்னும் கொஞ்சம் நிப்பம். இவ்வளவு நேரமா ஒண்டும் நடக்கேல்லை."

மாங்குளம் தாண்டி

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்க, கடை வாசலில் நானாவின் லொறி வந்து நின்றது. வவுனியாவுக்குச் சாமான் எடுக்கப் போகவேணும் எண்டு சொன்னீர், ஏறும் என்றார் செல்வராசா அண்ணை. ஏறினேன். மாங்குளம் தாண்டியதும் எதிரே பஸ். அவர் கியரைக் குறைத்தார், கண்ணாடியைப் பார்த்தார், இடப்பக்கச் சில்லுகளைக் கரையில் இறக்கினார். இடப்பக்கம் இருந்தவன் நான். லொறி சரிந்தது, புல் கதவில் உரசியது, பஸ் போனது, நாங்கள் தாரில் ஏறினோம். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகுதான் கவனித்தேன், என் இரண்டு காலும் சீற்றுக்கு மேலே இருந்தன. அவர் றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "காலைக் கீழை வையும் தம்பி. அது புல்லுத்தான்."

அந்தக் கணினியில் செல்வராசா அண்ணை ஒரு பந்தயம்கூட வென்றதில்லை, என்றாலும் நான் பொருத்திய கேம் கணினிகளில் வாங்கியவர் கேட்ட வேலையைச் செய்து முடித்தது அது ஒன்றுதான்.