களிமண் ஒட்டும் நாள்

மழை விட்டு அரை நாள் வெயில் பட்ட களிமண் காலில் ஏறும்போது முதலில் விரலிடுக்கில் சில்லென்றுதான் இருக்கும். நாலு எட்டு வைப்பதற்குள் அது பாதத்துக்கு அடியில் அப்பி, பக்கங்களில் பிதுங்கி, காலுக்கு ஒரு செங்கல்லைக் கட்டிவிட்ட மாதிரி கனத்துவிடும். குச்சியால் வழித்துப் போட்டால் அடுத்த எட்டிலேயே மறுபடி ஏறிக்கொள்ளும். மழை கொட்டும்போது அது வெறும் சேறு, வழுக்குமே தவிர ஒட்டாது. நன்றாகக் காய்ந்துவிட்டாலோ பாளம் பாளமாக வெடித்துப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பொழுது மட்டும் அது யாரையும் விடாது, அதை எங்கள் வீட்டில் "ஒட்டுப்பதம்" என்பார்கள். வடக்கனந்தலுக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவே, ஏரிக்கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் உள்வாயை ஒட்டிக் கிடந்த எங்கள் குத்தகை நிலத்தைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன் என்பதால் அந்தப் பதம் எனக்கு அத்துப்படி. ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம், அதை நான் ஒரு மானைக் கொல்வதற்குப் பயன்படுத்தினேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில் அப்போது வெளிமான்கள் இருந்தன. புள்ளிமான்போலக் காட்டுக்குள் ஒளிகிற சாதி அல்ல அது. வெட்டவெளியில் மேயும், நாயோ மனிதரோ வந்தால் ஒரே ஓட்டமாக ஓடித் தப்பிக்கும். எங்கள் நிலத்துக்கு வந்தது ஒரு தனி ஆண். முதுகு கருத்து, வயிறு வெளுத்து, கொம்பு இரண்டும் முறுக்கிவிட்ட கயிறு மாதிரி மேலேறியிருக்கும், அதனால் "திருகுமான்" என்போம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை முளைவிட்டால் போதும், விடியும் முன் வந்து வரிசை பிடித்து மொட்டையடித்துவிட்டுப் போகும். அப்பா கல்லெறிந்து விரட்டுவார், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்கு இருந்த காட்டிலாகா கார்டு அதை "என் மான்" என்றுதான் சொல்வான். ஜீப்பில் பெரிய அதிகாரிகள் வரும்போதெல்லாம் எங்கள் வரப்பில் நின்று அதைக் காட்டிச் சபாஷ் வாங்கிக்கொள்வான்.

ஆடி மாதத்தில் ஒரு சந்தை நாள் காலையில், எங்கள் நிலத்துப் பொது வரப்பில் சைக்கிள் பிரேக் கம்பியால் யாரோ கட்டியிருந்த ஒரு கண்ணியை அப்பா குனிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கார்டு வந்துவிட்டான். "என்னுது இல்லீங்க" என்றார் அப்பா. "அப்ப யாருது?" என்று கேட்டதற்கு அவர் வாயைத் திறக்கவில்லை. கார்டு அந்தக் கம்பியையே அவர் கழுத்தில் மாலையாகப் போட்டு, கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு நடத்திக் கொண்டுபோய்ப் புளிய மரத்தடியில் உட்காரவைத்தான். பொழுது சாயும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பது அவன் போட்ட தண்டனை. சட்டத்தில் அப்படி ஒரு தண்டனை இருக்கிறதா என்று கேட்க அன்றைக்கு அங்கே ஆள் இல்லை.

மதியச் சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்த நான் அவரை அந்தக் கோலத்தில்தான் பார்த்தேன். சந்தைக்கு வந்த கூட்டம் வளையமாக நின்றது, முக்கால்வாசிப்பேர் எங்கள் ஊர்க்காரர்கள். டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனேன். கார்டு கையால் தட்டிவிட்டான். தண்ணீர் என் பாவாடையில் கொட்டியது. வளையத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கூட்டத்தில் பெரியப்பாவும் நின்றார். அப்பாவுடைய பெரியப்பாவின் மகன், எங்களுக்கு அடுத்த நிலத்துக்காரர், ஊரில் நாலு பேர் பேச்சுக்குக் கூப்பிடுகிற ஆள். அவரிடம் ஓடிப்போய், "நீங்க சொல்லுங்க பெரியப்பா" என்று கையைப் பிடித்தேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கார்டுகிட்ட இன்னாத்த பேசறது? கம்முனு இரு பச்சையம்மா, சாயந்தரம் வுட்டுடுவாங்க" என்றார். சாயந்தரம் விட்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பா வாசலைத் தாண்டவில்லை. நிலத்துக்கு அம்மா போனாள், சந்தைக்கு அண்ணன் ஏழுமலை போனான். அப்பா பின்கட்டில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டே இருந்தார், யார் வந்தாலும் முகம் காட்ட மாட்டார். இரவில் படுத்தால் கார்டு தட்டிவிட்ட டம்ளர் உருளும் சத்தம்தான் காதில் கேட்கும். அவனுக்குக் கை முறிய வேண்டும், கால் முறிய வேண்டும் என்று ஊரில் உள்ள சாமிகளுக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியும் செய்கிற மாதிரி தெரியவில்லை என்றதும் நானே யோசிக்க ஆரம்பித்தேன்.

"மான அடிச்சி இன்னா வரப் போவுது? கார்டதான அடிக்கணும்" என்றான் ஏழுமலை. அவனுக்குக் கோபம் உண்டு, புத்தி கொஞ்சம் கம்மி.

"கார்ட அடிச்சா உனுக்கு ஜெயிலு, அவனுக்கு லீவு. அவன் காவலு காக்கற மானோட தலைய அவன் வூட்டு வாசல்ல கட்டிட்டு வந்தா, அப்பால மேல இருக்கறவன் அவன நிக்க வெச்சிக் கேப்பான்ல? நம்ம அப்பாவ நிக்க வெச்ச மாதிரி அவனும் நிக்கணும்" என்றேன். மூன்றாவது ஆள் வெள்ளையன். மலைமேல் கிராமத்துப் பையன், கரும்பு வெட்டு வேலைக்குக் கீழே இறங்கி வந்து ஏழுமலைக்குச் சிநேகமானவன். அவனிடம் இரண்டு வேட்டை நாய்கள் இருந்தன. மூவருக்கும் வயது பதினெட்டைத் தொடவில்லை.

அடித்துவிடலாம் என்று பையன்கள் இரண்டு பேரும் மறுநாளே கிளம்பினார்கள். காய்ந்த தரையில் அந்த மான் நாய்களை ஏரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தடித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. நாக்குத் தள்ளிப்போய் வந்தவர்களிடம், நாள் பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும், எந்த நாள் என்று நான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நல்ல மழை ஒன்று பெய்து மறுநாள் முற்பகல் வெயில் அடிக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டுப்பதம். அந்தக் கூர்க்குளம்பு களிமண்ணில் இறங்கினால் மண் அதை விடாது, நாய்க்குப் பாதம் மெத்தென்று இருப்பதால் அவ்வளவு ஒட்டாது. ஆனால் அந்த நாளில் காலை டவுன் பஸ்ஸில் கார்டு வந்து இறங்கிவிடக் கூடாது, ஜீப்பும் வரக் கூடாது. வயல்வெளியில் ஊர்க்காரன் ஒருத்தனும் நிற்கக் கூடாது. மழையாவது என்றைக்காவது வரும், ஊரும் பஸ்ஸும் ஒரே நாளில் இல்லாமல் போவது எப்படி நடக்கும் என்று ஆடி முழுக்க, ஆவணி முழுக்க எனக்கு அதே யோசனை. கணக்குப் பாட நேரத்தில்கூட அதைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வந்ததுதான் மறியல். படிப்பிலும் வேலையிலும் எங்கள் ஜனத்துக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று சங்கத்தார் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. புரட்டாசி பிறந்த கையோடு ஒரு வாரம் சாலையெல்லாம் அடைக்கப் போகிறோம், வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று தமுக்கடித்தார்கள். ஊரே உரிமை, மானம் என்று பேசியது. நானோ அந்த வாரத்தில் மழை வர வேண்டுமே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "புரட்டாசியில கறி வூட்டுக்குள்ள வந்தா அம்மா தொடப்பக்கட்டைய எடுக்கும்டி" என்று ஏழுமலை இழுத்தான். எனக்குத் தலை போதும், கறி வெள்ளையனுடையது, அவன் மலைக்குத் தூக்கிப் போகட்டும் என்றேன். மறியலின் இரண்டாம் நாள் ராத்திரி மழை கொட்டியது. விடிந்ததும் வெயில் பளிச்சென்று அடித்தது. ஊதிக்கொண்டிருந்த அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஏழுமலையை எழுப்ப ஓடினேன்.

ஆம்பிளைகள் எல்லாரும் சாலையில் இருந்தார்கள். பெரிய புளிய மரங்களைக் கோடாரியால் வெட்டிக் குறுக்கே சாய்க்கும் சத்தம் உள்வாய்வரை கேட்டது, பஸ் ஹாரன் ஒன்றுகூட இல்லை. மான் எங்கள் மல்லாட்டையில்தான் நின்றது. மேட்டுப் பக்கத்தை வெள்ளையனும் நாய்களும் அடைக்க, பக்கத்து வரப்பில் நானும் ஏழுமலையும் நின்றுகொள்ள, அதற்கு இருந்த ஒரே திறப்பு ஏரி உள்வாய். துள்ளி இறங்கியது. முதல் இரண்டு பாய்ச்சல் எப்போதும்போல அழகாகத்தான் இருந்தது. அப்புறம் பாய்ச்சல் ஓட்டமாகி, ஓட்டம் நடையாகி, ஒவ்வொரு காலிலும் ஓர் உருண்டை மண்ணைத் தூக்கிக்கொண்டு அது தடுமாறியது. நாய்கள் பிடித்துக்கொண்டன. ஏழுமலைக்கும் கால் ஒட்டிக்கொண்டு, அவன் தடியோடு போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. பாவம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியது என்று இன்றைக்கு எழுதினால் பொய். ஒழிந்தாயா என்றுதான் நினைத்தேன்.

தலையை யூரியாச் சாக்கில் போட்டுக்கொண்டு, சாலைப் பக்கம் போகாமல் வாய்க்கால் கரையோடு நானும் ஏழுமலையும் கச்சிராயபாளையம் நடந்தோம். கார்டு குடியிருந்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலில் துளசிகூடக் காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "கார்டையா பாக்க வந்தீங்க? அவுரு மாத்தலாயி ஆவணியிலயே போயிட்டாரே, ஊட்டிப் பக்கமாம்" என்றாள். மழைக்கும் வெயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஊருக்கும் நாள் பார்த்த நான், அவன் இருக்கிறானா என்று ஒரு தடவை வந்து பார்க்கவில்லை. திரும்பி வரும்போது சாக்கை வாய்க்காலில் எறியப் போன ஏழுமலையைத் தடுத்து, அப்பாவிடமாவது காட்ட வேண்டும் என்று நானே தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பொழுது இறங்கும் நேரம். பின்கட்டில் அப்பா முன்னால் சாக்கை அவிழ்த்து, "கார்டோட மானுப்பா" என்றேன். அவர் அந்தக் கொம்பைத் தொட்டுப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா வந்தார், தோளில் சங்கத் துண்டு, பின்னால் இரண்டு பேர்.

"ஊரே ரோட்டுல குந்திக்கினு கீது, உன் வூட்லருந்து ஒருத்தரும் வரல. நம்ம ஜனம் ஒண்ணா நிக்க வேணாமா? நாள பின்ன உனுக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?" என்றார் பெரியப்பா.

அப்பா தலையை நிமிர்த்தினார். அவர் யார் முகத்தையும் நேராகப் பார்த்து அவ்வளவு நாளாகியிருந்தது. "அந்தப் பிரேக் கம்பிய கார்டு திருப்பிக் குடுத்தானாண்ணா? உன் சைக்கிள்ல மாட்ட வேணாமா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. பெரியப்பாவின் முகம் செத்துப்போனது. கூட வந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அவர் வந்த வழியே போய்விட்டார்.

"அது பெரியப்பா கட்ன கண்ணியா? கார்டு கேட்டப்ப நீ ஏம்ப்பா சொல்லல?" என்றேன்.

"நான் சொன்னா அவன குந்த வெச்சிருப்பாங்க. அவனே சொல்லுவான்னு சாயந்தரம் வரிக்கும் அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார் அப்பா. "கார்டு அசலூர்க்காரன், அவன் இன்னா பண்ணா எனுக்கு இன்னா? நீங்க இத எதுக்கு அடிச்சீங்க?" நான் சாக்கின் வாயை மறுபடி கட்டினேன். கேழ்வரகுக் கூழ் கரைத்து வைத்திருந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அன்று ராத்திரி என் ஆத்திரம் ஒரு துளிகூடக் குறையவில்லை, போய்ச் சேர வேண்டிய வீடுதான் மாறியது; அந்த வீடு எங்களுக்கு அடுத்த தெருவிலேயே இருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து கடைசி நாள்வரை யாரும் மறியலுக்குப் போகவில்லை. அதற்காக எங்களைக் கோயில் வரியிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். சில வருஷம் கழித்துக் கிடைத்த ஒதுக்கீட்டில்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது, அதை நான் மறைக்கவில்லை. "எங்களாலதான் படிச்ச" என்று பெரியப்பா ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்ததும் எனக்குத் தெரியும். சாலையில் உட்கார்ந்து அடிபட்டவர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்கு நான் கடன்பட்டவள். அவருக்கு அல்ல. அப்பா இறந்தபோது பாடை தூக்க வந்த அவரை, நிறைந்த வாசலில், "நீங்க தூக்க வேணாம்" என்று நிறுத்தினேன். ஏழுமலையும், மலையிலிருந்து இறங்கி வந்த வெள்ளையனும், வேறு இரண்டு பேரும் தூக்கினார்கள்.

இப்போது அந்தப் பக்கத்தில் வெளிமான் என்றால் பிள்ளைகள் பாடப் புத்தகத்துப் படத்தைக் காட்டுகிறார்கள். சாலைப் புளிய மரங்களில் கோடாரிக்குத் தப்பியதை ரோடு அகலப்படுத்தியவர்கள் முடித்துவிட்டார்கள். ஏரி உள்வாயில் பாதி, கல் நட்டு மனைகளாகிவிட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டமான பிறகு அங்கே ஒரு குழி நிலம் என்ன விலை என்று கேட்டால் மயக்கம் வரும். காலில் மண் ஒட்டாமல் சிமெண்டுப் பாதையிலேயே நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன். பெரியப்பா மட்டும் இருக்கிறார். கண் இரண்டும் போய்விட்டது, வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள், தெருவில் செருப்புச் சத்தம் கேட்டாலே, "யாரும்மா போறது? ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுத்துட்டுப் போயேன்" என்பார். நான் பதில் சொல்வதில்லை. உடனே போய்விடுவதும் இல்லை. எதிரே கொஞ்ச நேரம் நின்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.