நடவு வயலுக்கு எட்டின சத்தம்

சபையில கீற எல்லாருக்கும் தோத்திரம். எனக்குப் பேசத் தெரியாது. அழாம சொல்லி முடிச்சாலே பெருசு.

நயா பைசா வந்த அடுத்த வருசம் எங்க வூட்ல சண்டையோ சண்டை. எங்க வூட்டுக்காரர் ஒண்ணு சொன்னா எனக்குக் கேக்காது. "இன்னாய்யா?"ன்னு கேப்பேன். "எத்தினி வாட்டி சொல்றது, செவுடா நீ?"ன்னு மொறைப்பாரு. அதுவும் பாதிதான் காதுல வுழும். சரி, நமக்குத்தான் காது போச்சுன்னு நெனச்சிக்கினு, பூண்டு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய ரெண்டு மாசம் காதுல ஊத்திக்கினு படுத்தேன். எண்ணெய்தான் தீந்துச்சு.

அவருக்கு அப்பவே கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. உத்திரமேரூர் ஏரிக்கீழ ஒரே பண்ணையில இருவது வருசமா ஏர் ஓட்டின மனுசன். கலப்பையப் புடிக்க முடியல, நடை சின்னச் சின்னதா ஆயிடுச்சு. "நீ வூட்ல இரு"ன்னு பண்ணைக்காரர் சொல்லிட்டாரு. ஒரே பொண்ணத் தாமல் ஊர்ல கட்டிக் குடுத்துட்டோம். வூட்ல நாங்க ரெண்டே பேரு.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போனோம். டாக்டரம்மா இங்கிலீஷ்ல ஒரு பேர் சொன்னாங்க, என் வாயில நுழையல. நம்ம பக்கம் நடுக்குவாதம்னு சொல்றாங்களே அதுதான். முழுசா போகாதும்மான்னாங்க. என் காது கதையச் சொன்னேன், சிரிச்சிட்டாங்க. "உன் காது நல்லாத்தான் இருக்கு. அவரு சத்தம்தான் கொறைஞ்சுபோச்சு. ஆனா அவருக்குத் தான் கத்தற மாதிரிதான் தோணும்"னாங்க. தெனம் சத்தம் போட்டு ஒரு பக்கம் படிக்கணுமாம். மூச்சு இருக்கற மட்டும் ஆ-ன்னு நீட்டணுமாம். வுட்டா இருக்கற சத்தமும் போயிடுமாம்.

எங்க படிக்கிறது. நாங்க ரெண்டு பேரும் கைநாட்டு.

எனக்கு நெஞ்சு வுட்டுப்போச்சு. நான் நடவுக்குப் போனாத்தான் கஞ்சி. போனா அவரு தனியா. ரெண்டு மூணு வாட்டி சாயங்காலம் வந்து பாத்தா கீழ வுழுந்து கெடக்கறாரு, எப்ப வுழுந்தாருன்னே தெரியல. பக்கத்து வூட்டுக்காரங்களும் வயல்லதான் கீறாங்க. வியாதிய எடுத்துடுன்னு கேக்க எனக்கு வாய் வரல. "ஆண்டவரே, நான் நடற எடத்துக்கு எட்டற அளவுக்கு மட்டும் அவருக்குச் சத்தம் குடு"ன்னு ஜெபம் பண்ணேன்.

வேலை வுட்டு வந்ததும் தெனம் அவர வாசல்ல நிக்க வெப்பேன். நான் தள்ளிப் போய் நிப்பேன். பரமண்டல ஜெபம் அவருக்கு மனப்பாடம், அதச் சொல்லணும். கேட்டா கையத் தூக்குவேன். மொத மாசம் ஆட்டுக்கொட்டாய் வரைக்கும்கூட எட்டல. ஆரம்பம் நல்லா வரும், அப்பால வெறும் காத்துதான். "கேட்டுகினே கேக்காத மாதிரி நிக்கறியா"ன்னு திட்டுவாரு. அழுதுகினே கையத் தூக்காம நிப்பேன். பொய்யாத் தூக்கினா அவருக்குத்தானே கெடுதல்.

ஒரு நாள் பண்ணை மாடு ரெண்டு அவுத்துக்கினு வந்து, கூரைக்குன்னு போட்டு வெச்சிருந்த வைக்கோல இழுக்குது. "ஏய், ஹோ..."ன்னு ஒரு அதட்டு அதட்டினாரு பாருங்க, தெருவே திரும்பிச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினோம். மனுசங்ககிட்ட வராத சத்தம் மாட்டுகிட்ட வருது.

அப்பால ஜெபத்தையும் அந்தக் கொரல்லயே சொல்ல வெச்சேன். "பிதாவே"ன்னு மாடு ஓட்டற ராகத்துல இழுப்பாரு. "ஆண்டவரையே ஏர்ல பூட்டிட்டீங்களா"ன்னு நம்ம சபை உபதேசியார்கூடச் சிரிச்சாரு. சிரிக்கட்டும். புளியமரம் எட்டிச்சு, களத்துமேடு எட்டிச்சு. வயல் மட்டும் எட்டல. மாசக்கணக்கா அங்கயே நின்னுபோச்சு. சலிச்சுப்போய் ஒரு வாரம் நான் ஜெபமே பண்ணல. சொல்ல வெக்கமாத்தான் கீது.

அந்த வாரம்தான் சம்பா நடவு. குனிஞ்சு நட்டுக்கினு கீறேன், காத்துல "ஹோ..."ன்னு ஒரு சத்தம். "எவன்டி நடவு வயல்ல ஏர் பூட்டறான்?"ன்னா பக்கத்துல நட்டவ. நான் நாத்தப் போட்டுட்டு ஓடினேன். பாம்போ, நெருப்போ, என்னவோ ஏதோன்னு சேத்துக் காலோட ரெண்டு எடத்துல வுழுந்து எழுந்து ஓடினேன்.

வாசல்ல சொம்மா ஒக்காந்துகினு கீறாரு.

"இன்னாய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்லமே."

"அப்ப எதுக்குக் கூப்ட்ட?"

நடுங்கற கையால கண்ணத் தொடச்சிக்கினாரு. "வர்றியான்னு பாத்தேன். வுழுந்து கெடந்தப்பல்லாம் கூப்ட்டேன், நீ வர்ல. இந்த ஒதவாதவன எதுக்குப் பாக்கணும்னு நீ வேணும்னே வராம கீறன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

இத்தினி நாளா அத மனசுல வெச்சிக்கினுதான் அந்த மனுசன் என் கையால கஞ்சி குடிச்சிருக்காரு. அவரு மடியில தலைய வெச்சு அழுதேன். நான் கேட்டது சத்தம். ஆண்டவர் எனக்கு என் புருசனையே திருப்பிக் குடுத்தாரு.

வியாதி போகல. இப்ப நாக்கு கொழறுது. எட்டற தூரம் மறுபடி புளியமரத்துக்கே வந்துடுச்சு, நாளைக்கு அதுவும் போயிடும். என்னால ஒண்ணும் பண்ண முடியல. சாயங்காலம் வாசல்ல நின்னு ஜெபம் சொல்றத மட்டும் நாங்க வுடல. கூப்புடறாரோ இல்லியோ, மத்தியானம் ஒரு ஓட்டம் ஓடிப்போய்ப் பாத்துட்டு வர்றேன். அவருக்கும் என் மேல சந்தேகம் இல்ல.

கூப்ட்டுக் கூப்ட்டு ஆண்டவர் வர்லியேன்னு கசப்பா இங்க யாராவது ஒக்காந்துகினு இருந்தா, கோவமாவே இருங்க, ஆனா கூப்புடறத நிறுத்தாதீங்க. எங்க வூட்டுக்காரர் நெனச்ச மாதிரி நெனச்சிடாதீங்க. நான் வேணும்னு வராம இருக்கல. சேத்துல நிக்கற நானே அப்படி ஓடி வந்தேன்னா, நம்மளப் பெத்தவரு எப்படிங்க வராம இருப்பாரு.