பிறந்த வீட்டு வியாதி

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். உப்பளத்தில் வேலை. பேசும்போதெல்லாம் உள்ளங்கை வெடிப்புகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

மலத்தில் ரத்தம் போகிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாராம். அடுத்து எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லி, சீட்டை நீட்டினார்.

"ஒரு மாசம் கழிச்சு வரணும்க்கா. குடும்பத்துல யாருக்கும் குடல் கேன்சர் இல்லைன்னு எழுதியிருக்கு. நல்லதுதான்."

"எங்க வூட்டுக்காரர் பக்கம் யாருக்கும் கெடையாதுங்க. எங்கப்பாவும் அண்ணனும்தான் அதுல போனாங்க. அண்ணனுக்கு நாப்பத்தி நாலுதான்."

"இதை டாக்டர்கிட்ட சொல்லலியா?"

"அது பொறந்த வூடுங்க. என்னைக் கட்டிக்குடுத்து இருவத்தி ரெண்டு வருசம் ஆவுது. அதுவுமில்லாம, ஆம்பளைங்களுக்கு வர்றதுதானே அது?"

"தாலி கட்டினா ரத்தம் மாறிடுமா? பொம்பளைங்களுக்கும் வரும்க்கா. உங்களுக்கும் அண்ணன் வயசு நெருங்குது" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

கட்டைவிரல் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் தொடங்கியபோது என் பக்கம் திரும்பினார்.

"பேனா இருக்குதுங்களா? அப்பாவையும் அண்ணனையும் இதுலயே எழுதிக் குடுங்க. நாளைக்கே திரும்பப் போறேன்."

எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் நீட்டினார்.

"கீழ எம் பொண்ணு பேரையும் எழுதுங்க. போன வருசம் கட்டிக்குடுத்தேன். அவளைக் கேட்டாலும் மாமியார் வூட்டைத்தான் சொல்லுவா."

தாளில் இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.