அவர் பார்ப்பதற்காகக் கட்டிய கரி இன்ஜின்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் நாத்தனார் மகள், தாயில்லாப் பிள்ளை. அவளையும் குறையில்லாமல் கட்டிக்கொடுத்தேன். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டி ஒட்டியே எழுத்துப் படித்தவள் நான். கொம்பும் காலும் இடம் மாறி விழும். அதற்காக ‘எழுதிக் கொடுங்கள்’ என்று ஒருத்தர் வாசலில் போய் நிற்கிற ஆள் இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் ரயில்வேயில் ஃபயர்மேன். விருதுநகர் ஷெட்டில், கரி இன்ஜினின் நெருப்புக்குக் கரி அள்ளிப் போட்டே அவர் காலம் போனது. ரிட்டயர் ஆனதும் திருத்தங்கலில் மூன்றாவது மகன் வீட்டோடு வந்துவிட்டோம். மகனுக்குச் சிவகாசியில் அச்சாபீஸ் வேலை. காலண்டருக்கும் வெடிப்பெட்டிக்கும் கம்ப்யூட்டரில் படம் போடுகிறவன்.

கரி இன்ஜினை நிறுத்தி ஏழெட்டு வருஷம் கழித்து அவருக்குக் கண் போக ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் மதுரை டாக்டர். வலது கண் முழுதாகப் போய்விட்டது. இடது கண்ணில், குழாய்க்குள் விட்டுப் பார்ப்பது மாதிரி, நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். என் முகத்தைப் பார்த்தால் மூக்குத்தி தெரியும், காது தெரியாது. அந்த ஓட்டையும் கொஞ்ச நாளில் அடைத்துக்கொள்ளும், சொட்டு மருந்து அதைத் தள்ளிப்போடத்தான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு மனிதர் பேச்சைக் குறைத்துவிட்டார். ஒரு நாள் மத்தியானம் கட்டிலில் ஆளைக் காணோம். தேடாத தெரு இல்லை. கடைசியில் ரயில் பாதைப் பக்கம் ஓடினேன். சின்னப் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காகத் தண்டவாளத்தையெல்லாம் பெயர்த்துப் போயிருந்தார்கள். வெறும் ஜல்லி மேட்டில், அந்த வெயிலில், உட்கார்ந்திருந்தார்.

“இங்கன என்ன செய்றீக?”

“பாசஞ்சர் வர்ற நேரம்.”

“தண்டவாளத்தையே பேத்துக் கொண்டுபோயிட்டாகளே. இனி எந்தப் பாசஞ்சர் வரும்?”

“அதான் பாத்தேன், கால்ல ஒண்ணும் தட்டலையேன்னு.”

ரயிலைப் பார்க்கப் போனாரா, ரயிலில் விழப் போனாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயம். கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். பாதி வழியில் நின்று, “முழுசா அடைக்கிறதுக்குள்ள எம் வண்டிய ஒருக்கப் பாத்துரணும்” என்றார்.

எங்கே போய்ப் பார்ப்பது? அதைத்தான் துண்டு துண்டாக அறுத்து இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்களே. மகனிடம் சொல்லி அழுதேன். அவன்தான் சொன்னான்: கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். வெளிநாட்டில் தலை நரைத்த ஆட்கள்கூட அவரவர் ஊர்ப் பழைய இன்ஜினை ஒரு ஆணி பிசகாமல் அதற்குள் கட்டி ஓட்டுகிறார்களாம். “அப்பா வண்டிய நான் கட்டுறேம்மா” என்றான். ‘இந்த மனுசர் கிடக்கிற கிடையில் விளையாட்டா’ என்று எனக்கு எரிந்தது. ஆனால் அவரைக் கட்டிலில் பிடித்து வைக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

வேலை விட்டு வந்து ஆறு மணிக்கு உட்காருவான். முதலில் கம்பிக்கூண்டு மாதிரி வெறும் கோடு. பிறகு அதன்மேல் தோல் போர்த்துகிற மாதிரி படத்தை இழுத்து ஒட்டுவான். முதல் தடவை காட்டியபோது அவர் மூக்கு கம்ப்யூட்டர் கண்ணாடியில் இடிக்கக் குனிந்து பார்த்தார்.

“என்னலே, மூலை மூலையா இருக்கு? இது பாய்லரா, பென்சிலா?”

“ரொம்ப உருட்டுனா இந்தக் கம்ப்யூட்டர் தாங்காதுப்பா.”

“அதுக்கு எம் பாய்லர் ஒல்லியாகணுமா?”

கோபமாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். நான் மகனை விரட்ட ஆரம்பித்தேன். உருட்டுலே, இன்னும் உருட்டு என்று.

பாய்லர் உருண்டது. அதற்கே ஒரு மாதம் போய்விட்டது. வண்ணம் போடப் படம் வேண்டும் என்று, மகன் விருதுநகரில் பழைய டிரைவர், ஃபயர்மேன் வீடுகளாக ஏறி இறங்கினான். ஆறு வீட்டில் ஆறு படம் கிடைத்தது. அதைப் பார்த்துப் பார்த்து வண்ணம் தீட்டினான். கன்னங்கரேலென்று இன்ஜின் மின்னியது. சக்கர விளிம்பில் வெள்ளைப் பெயின்ட், பித்தளையெல்லாம் தங்கமாக. எனக்கே நெஞ்சு நிறைந்தது. அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மாப்பிள்ளையக் கொண்டாந்து நிப்பாட்டியிருக்கான். இது என்னைக்குலே வேலைக்குப் போச்சு?”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஸ்டுடியோக்காரரை ஷெட்டுக்குக் கூப்பிடுவதே ஆயுதபூஜை அன்றைக்குத்தான். அன்றைக்குத்தான் இன்ஜினைக் குளிப்பாட்டி, பெயின்ட் அடித்து, வாழை கட்டி, அதன் முன்னால் வரிசையாக நிற்பார்கள். ஆறு படமும் ஆயுதபூஜைப் படம். மகன் வாழையையும் சந்தனத்தையும் விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் நிஜம் என்று நம்பிவிட்டான். மற்ற நாளில் அந்த இன்ஜின் எப்படி இருந்தது என்பதற்கு எவர் வீட்டிலும் ஒரு படம் இல்லை. எவர் எடுப்பார், கரி அப்பிய வண்டியை?

அவரிடமே கேட்டால், “அழுக்கா இருக்கும். வேற எப்படி இருக்கும்?” என்பதோடு சரி. மகன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“எம்மா, நீ பாத்திருப்பேல்லா?”

பார்க்காமல் என்ன? தூக்குச்சட்டியோடு ஷெட் வாசலில் நான் நிற்காத நாள் உண்டா? பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அழுக்கைச் சொன்னேன். விருதுநகர்த் தண்ணீர் உப்பு. என் அடுப்படிப் பானையில் படிகிற அதே வெள்ளை, பாய்லரில் ஆவி கசிகிற இடத்துக்குக் கீழே கோடு கோடாக வழிந்து காய்ந்திருக்கும். அதைப் போடச் சொன்னேன். அவர் சட்டையை எத்தனை வருஷம் துவைத்திருக்கிறேன்! வலது தோளில்தான் எண்ணெய்க் கறை போகவே போகாது. அப்படியானால் அவர் சாய்ந்து எட்டிப் பார்க்கிற அந்த ஓரத்தில் எண்ணெய் இருந்திருக்க வேண்டும் இல்லையா? அதையும் போடச் சொன்னேன். இன்ஜினுக்குப் பின்னால் கோத்த பெட்டிகளுக்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை. மரப் பலகை இடுக்கில் தொடை கடிபடாமல் அந்தப் பாசஞ்சரில் எந்தப் பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள்? வெடிக் கம்பெனிப் பிள்ளைகள் சாயங்காலம் ஏறினால் சன்னல் கம்பியெல்லாம் அலுமினியப் பவுடர் விரல் தடமாக, வெள்ளி மாதிரி அப்பியிருக்கும். மகன் சிரித்தான். ஆனாலும் விரல் விரலாகப் போட்டான்.

இதற்குள் காலண்டர் சீசன் வந்துவிட்டது. அச்சாபீஸில் லீவு கேட்டால் முதலாளி முறைத்தார். இவன் அப்படியும் லீவு போட்டான். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. நான் ஒரு பக்கம் தினமும் காலையில் மூக்குத்தி தெரிகிறதா என்று கேட்பேன். தெரியுது என்பார். இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய், கண் மாதிரி தகட்டில் செய்த கண்மலர் வாங்கிப் போட்டேன். தாயே, கண்ணைக் கேட்கவில்லை, இன்னும் பத்து நாள் கொடு என்றுதான் கேட்டேன்.

வேலை முடியும் முன்பே, முடிந்த மட்டும் காட்டத் தொடங்கியிருந்தான். முழு இன்ஜின் அவர் கண்ணுக்குள் அடங்காது என்பதால் துண்டு துண்டாகப் பெரிதாக்கிக் காட்டுவான். அவர் கீழே சக்கரத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு நாளைக்குக் கொஞ்சம் என்று பார்த்துக்கொண்டு வந்தார். சரி, சரி என்பதைத் தவிர ஒரு குற்றம் சொல்லவில்லை. மகனுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அன்றைக்கு முழுதும் முடிந்திருந்தது. பாய்லர் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தான் மகன். அந்நேரம் பார்த்து அச்சாபீஸிலிருந்து போன். பேசிக்கொண்டே வாசலுக்குப் போனவன் வெகு நேரம் வரவில்லை. அவர் கண்ணாடியில் விரல் வைத்துத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காப்பி கொண்டுபோனேன்.

தொடாமல் விட்டால் அந்தக் கம்ப்யூட்டர் தானாக இருட்டிக்கொள்ளும். இருட்டியிருந்தது. கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. அவர் அதைத் தடவி, “ம், இங்கன சரி. இந்தக் குழாயும் சரி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்தம்கூட வராமல் காப்பியைக் கீழே வைத்தேன். மகன் வந்து எதையோ தட்டினான், வெளிச்சம் வந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“எப்படிப்பா இருக்கு?”

“இதுதாம்லே எம் வண்டி. இதுக்கு மேல கை வைக்காத. ஒழுங்கா வேலைக்குப் போ.”

அவ்வளவு பெரிய ஆம்பிளை, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மருமகள் கேசரி கிண்டினாள்.

அவன் மறுநாள் வேலைக்குப் போன பிறகு, சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

“எப்பயிருந்து?”

“எது?”

“எங்கிட்டயா மறைக்கிறீக?”

வாயிலிருந்த சோற்றை விழுங்கினார். “அமாவாசைக்கு முந்தியே அடைச்சுப்போச்சு.”

“அப்போ வண்டியப் பாக்கவே இல்லையா நீங்க?”

“பாத்தேன். முன்னாலயிருந்து பாத்துக்கிட்டே வந்தேன். பெரிய சக்கரம் மூணாவது வரைக்கும் பாத்தேன்.”

“நான் சொல்லிப் போட்டது? அந்த உப்புக் கோடு?”

“அது எங்கன இருக்கு?” என்று கேட்டார்.

அடுத்த உருண்டையை உருட்டி அவர் கையில் வைத்தேன். “பய எலும்பாப் போனான். வேலையும் போயிரும் போலிருந்துச்சு. அவங்கிட்ட மூச்சு விடாத” என்றார். விடவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். ரயில் பாதைப் பக்கம் போகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், எம் வண்டிய எம் மவன் கட்டியிருக்கான், போய்ப் பாருங்க என்பார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகன் அந்த இன்ஜினை இன்டர்நெட்டில் போட்டு உலகத்துக்கெல்லாம் கொடுத்திருக்கிறான். ‘இதில் வேலை பார்த்த ஃபயர்மேனே பார்த்துச் சரி சொன்னது’ என்று அதோடு எழுதி வைத்திருக்கிறானாம். போன மாதம் எவரோ ஒருவர், பாய்லரில் ஒரு குழாய் இடம் தப்பி இருக்கிறது, ஆதாரம் காட்டுகிறேன் என்று எழுதினாராம். “எங்கப்பா பாத்துட்டுச் சொன்னது. மாத்த மாட்டேன்” என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். குழாய் தப்பாகவே இருக்கலாம். அதை நானும் பார்த்ததில்லை. அழுக்குத்தான் எனக்குத் தெரியும். ஒரு ஆணி தப்பினாலும் பொறுக்காத மனுசர் பேரில் ஒரு தப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. சொன்னால் மகனுக்கு அன்றைக்கு அழுத அழுகை இல்லாமல் போய்விடும். சொல்லாவிட்டால் அவருக்கு நான் செய்கிறது என்ன? வாயைத் திறந்தால் எனக்கு அழுகைதான் வருகிறது. அதனால் எழுதினேன். நான்கு நாள் ஆனது.

இந்தா தாயி, ஆச்சி எழுதிய இந்த நோட்டை வாங்கு. எழுத்துத் தப்பிருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள். எங்கேயும் விட்டுவிடாதே. உன் அப்பா சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்காரட்டும். அப்புறம் முதல் வரியிலிருந்து சத்தமாக வாசி.